எட்டயபுரத்துக்கு ஓர் ஆள்

(பாளையங்கோட்டையில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலையில் பேசியது. பேச்சின் நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



அறிமுகம் செய்தவர் என்னைப் 'போர்க்கலை அறிந்தவர்' என்று சொல்லிவிட்டார். முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கண்ணால் பார்த்த ஒரே போர் பத்தாம் வகுப்பு 'இ' பிரிவில் கடைசி பீரியடு. அதில் எந்தப் பக்கம் ஜெயித்தது என்று இன்றுவரை சொல்ல முடியாது.

இந்த அட்டைப்பெட்டியைப் பார்த்து, கொலு பொம்மை விற்க வந்திருக்கிறானா என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்டது காதில் விழுந்தது. பொம்மைதான் அம்மா, ஆனால் படிக்கட்டில் வைப்பதற்கில்லை. மேசையில் பத்தமடைப் பாயை விரித்து, அதன்மேல் மண்கோட்டையும் குளக்கரையும் வைத்து, கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை நிறுத்தி, அளவுகோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு இது. பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற லெப்டினன்ட் 1824-ல் அதிகாரிகளுக்குப் பயிற்சிக்காக ஒரு விதிநூல் எழுதினார். எச். ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சின்னப் புத்தகத்தில் அதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ரூல்புக்குகள் விற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலத்துக்கு, ஒரு போருக்கு.

எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் கேட்டது எளிய கேள்வி. "சார், நம்ம ஊர்ச் சண்டையை ஆடணும்னா எந்த ரூல்புக் வாங்கணும்?" இரண்டு வருஷமாகியும் அதற்கு நான் முழுப் பதில் சொன்னபாடில்லை. தமிழில் 'விதி' என்றாலே இரண்டு பொருள். தலையில் எழுதியது ஒன்று, புத்தகத்தில் எழுதியது ஒன்று. இந்த விளையாட்டில் இரண்டும் ஒன்றுதான். எந்தப் புத்தகத்தை எடுக்கிறீர்களோ, அதன்படிதான் கட்டபொம்மன் தலையெழுத்து.

முதலில், எந்தச் சண்டை? ஒரு பையன் பாண்டியர் சண்டை வேண்டும் என்றான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மதுரைக்காக மோதினார்களே, அது. ஒருவருக்கு இலங்கையிலிருந்து பராக்கிரமபாகு படை அனுப்ப, மற்றவருக்குச் சோழன் இரண்டாம் ராஜாதிராஜன் உதவ, பங்காளிச் சண்டை மூன்று நாட்டுச் சண்டையானது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சூளவம்சத்தைப் படித்தால் இலங்கைத் தளபதி லங்காபுரன் வெற்றி வெற்றியாக அடுக்குகிறான். பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டைப் படித்தால் அவன் தலையை மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்துவிட்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களின் சுவரொட்டியை வைத்துக்கொண்டு ஓட்டு எண்ணுவது மாதிரி. அதை ஒத்திவைத்தோம்.

எடுத்துக்கொண்டது பாளையக்காரர் சண்டை. உடனே ஒரு நண்பர் மறித்தார்: "அது உள்நாட்டுப் போரா அண்ணாச்சி? வெள்ளைக்காரனோட போட்ட சண்டையில்லா?" ஆமாம், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் நாங்களும் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் கணக்கு வாத்தியார் புத்தி, யார் யார் எங்கே நின்றார்கள் என்று ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன்.

1755. கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரானும் ஆற்காட்டு நவாப்பின் அண்ணன் மாபூஸ்கானும் வரி வசூலிக்கத் திருநெல்வேலிக்கு வருகிறார்கள். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் மறுக்கிறார். ஹெரானிடம் பெரிய பீரங்கி இல்லை, சாப்பாடு இல்லை, சிப்பாய்க்குச் சம்பளப் பாக்கி. மதுரைக்குத் திரும்பிவிடுகிறார். பூலித்தேவர் மேற்குப் பாளையங்களைச் சேர்த்து ஒரு கூட்டணி கட்டுகிறார். சிவகிரி வரவில்லை. எட்டயபுரம் வரவில்லை. கட்டபொம்மன் பரம்பரையின் பாஞ்சாலங்குறிச்சியும் வரவில்லை. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் முகம் மாறுகிறது. வரவில்லை என்பதுதான் செய்தி. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பூலித்தேவர் வேறு அணி.

களக்காட்டுச் சண்டையில் திருவிதாங்கூரின் 2,000 வீரர்கள் பூலித்தேவர் பக்கம் நின்று மாபூஸ்கானைத் தோற்கடிக்கிறார்கள். சில வருஷத்தில் அதே திருவிதாங்கூர், கம்பெனியின் தளபதி யூசுப்கானுடன் சேர்ந்துகொள்கிறது. தோற்ற மாபூஸ்கான் தம்பி நவாப்பை விட்டுப் பூலித்தேவரிடமே வந்து சேர்கிறார். பூலித்தேவரின் மூன்று கோட்டைகளை 1761 மே 16-க்குள் பிடித்துக்கொடுத்த யூசுப்கான், அடுத்து அதே கம்பெனியையும் நவாப்பையும் எதிர்த்து மதுரையில் நின்று, 1764 அக்டோபர் 15-ல் தூக்கில் தொங்குகிறார்.

என் காகிதத்தில் ஒரு பெயர்கூட ஒரே கட்டத்தில் நிற்கவில்லை. அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகிவிட்டது. அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம், பக்கத்துப் பாளையம் எதிர்ப் பக்கம். இதை உள்நாட்டுப் போர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இதற்குக் கீழே மண் இருக்கிறது. தாமிரபரணிக் கரை நஞ்சை. கார், பிசானம் என்று இரண்டு போக நெல் விளைகிற பூமி. பாளையங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே, வடக்கே கரிசலிலும் செவலிலும், மேற்கே மலையடிவாரத்திலும். நஞ்சையின் வரி நவாப்புக்கு வேண்டும், பிறகு கம்பெனிக்கு. அதே ஊர்களில் காவல் சுதந்திரம், அதாவது காவல் காப்பதற்கான பங்கு, பாளையக்காரருக்கு வேண்டும். தலங்காவல், தேசகாவல் என்று பெயர். ஒரே களத்து நெல்லுக்கு இரண்டு மரக்கால். நம் ஆற்றங்கரை போர்க்களம் என்பதைவிட, போரில் பந்தயமாக வைக்கப்பட்ட பொருள் என்பேன். ஆகவே எங்கள் விளையாட்டில் மாதக் கணக்கு கிடையாது. ஒரு சுற்று கார், அடுத்த சுற்று பிசானம். அறுப்பு முடிந்ததும் எந்த ஊர் நெல் யாருக்குப் போனது என்பதுதான் மதிப்பெண்.

சரி, ரூல்புக்குக்கு வருவோம்.

முதலில் கிடைத்தது 'பிளாக் பவுடர்'. 2009-ல் வந்தது, ரிக் பிரீஸ்ட்லி, ஜெர்விஸ் ஜான்சன் இருவரும் எழுதியது. வழவழ தாள், கண்ணைப் பறிக்கும் படங்கள். கட்டளையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகு இரண்டு பகடை உருட்ட வேண்டும். தளபதியின் தரம் எட்டு என்றால், எட்டோ அதற்குக் குறைவோ விழுந்தால் படை கேட்கும். 36-க்கு 26 வாய்ப்பு. நல்ல எண் விழுந்தால் ஒரே சுற்றில் மூன்று நகர்வு வரை போகலாம். பெரிய மைதானத்தில் பட்டாளம் பட்டாளமாக மோதுகிற சண்டைக்கு ஏற்ற விதி. அதை வைத்துப் பாஞ்சாலங்குறிச்சிமேல் கம்பெனி நடத்திய 1801 மார்ச் 31 தாக்குதலை ஆடினோம். காப்பி ஆறுவதற்குள் கோட்டை விழுந்துவிட்டது. அரை மணி நேரம். நிஜத்தில் அந்தக் கோட்டை பிப்ரவரி 9 முதல் மே 24 வரை விழவில்லை. தப்பு புத்தகத்தின்மேல் இல்லை, எடுத்தவன்மேல். அந்த விதி கேட்கிற கேள்வி 'கட்டளை போய்ச் சேர்ந்ததா?' என்பது. நம் சண்டை கேட்டது 'நீ யார் எனக்குக் கட்டளை போட?' என்பது.

இரண்டாவது, 'தி மென் ஹூ வுட் பி கிங்ஸ்'. டேனியல் மெர்சி எழுதியது, 2016. குட்டிப் புத்தகம், எளிய விதி, ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். காலனியச் சண்டைகளுக்கென்றே செய்தது. படைகளை மூன்று சாதியாகப் பிரிக்கிறது: முறைப்படை, முறைசாராப் படை, பழங்குடிப் படை. முறைப்படை ஒரு பிரிவுக்கு 12 பொம்மை, பழங்குடி 16. பாளையக்காரரை எதில் போடுவது? ஆறே நாளில் ஒரு கோட்டையைத் திரும்ப எழுப்பியவர்களைப் பழங்குடிக் கூட்டம் என்று போட்டு ஆட எனக்கு மனம் வரவில்லை. மனத்தை விடுங்கள், கணக்கும் வரவில்லை. அந்தப் பிரிவு ஆள் எப்படிச் சண்டை போடுவான் என்பதைப் பிறப்போடு ஒட்டிவைக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு 'ஜானி ரெப்', 'ஃபயர் அண்ட் ஃபியூரி' என்று பேர்பெற்ற விதிகள் உண்டு. அவற்றையும் புரட்டினேன். அங்கே இரண்டு பக்கமும் ஒரே துப்பாக்கி, ஒரே டிரில், தளபதிகளில் பலர் ஒரே வெஸ்ட் பாயின்ட் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். சதுரங்கம் மாதிரி சமமான காய்கள். நம்முடையது ஆடுபுலி ஆட்டம். மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் ஒரே விதி கிடையாது. நம் பாட்டிமார் திண்ணையில் கரிக்கோடு போட்டு ஆடியதில் இருக்கிற ஞானம் அந்தப் பெரிய புத்தகங்களில் இல்லை.

மூன்றாவதாக வந்ததுதான் ஒட்டியது. 'ஷார்ப் பிராக்டிஸ்'. ரிச்சர்ட் கிளார்க் எழுதியது; டூ ஃபேட் லார்டீஸ் என்ற இங்கிலாந்துக் குழு வெளியிடுவது. துப்பாக்கியும் வெடிமருந்தும் இருந்த காலத்தின் சிறிய மோதல்களுக்கானது. படையைவிடத் தலைவன் முக்கியம். ஒவ்வொரு தலைவனுக்கும் ஒரு வில்லை, எல்லாம் ஒரு பைக்குள். கையை விட்டு எடுக்கும்போது யார் வில்லை வருகிறதோ அவன் ஆட்கள் நகர்வார்கள். பையில் ஒரு தனி வில்லை உண்டு. அது வந்துவிட்டால் சுற்று முடிந்தது. இன்னும் பெயர் வராதவன் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அந்த வில்லைக்கு வெள்ளைக்காரன் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? டிபன்! படித்ததும் சிரித்துவிட்டேன். திருநெல்வேலியில் எந்த வேலையையும் நிறுத்துவது அதுதானே. அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

ஆனால் அதிலும் ஒரு குறை. பையில் கிடக்கிற வில்லை எப்போது வரும் என்பதுதான் தெரியாதே தவிர, யாருடையது என்பது தெரியும். சிவப்பு என்றால் சிவப்பு. எங்களுக்கு நிறமே சந்தேகமாக இருக்க வேண்டும். அதனால் மூன்றாவது நிறம் ஒன்று சேர்த்தோம், மஞ்சள். மஞ்சள் வில்லை வந்தால் இரண்டு தரப்பும் கைக்குள் மூடி ஊர்ச்சீட்டு வைக்க வேண்டும்: 'இந்த ஊர்களின் காவல் உனக்கு' என்று. அதிகம் வைத்தவன் பக்கம் அந்தப் பாளையம் அந்தச் சுற்றுக்கு வரும். சமமாக வைத்தால் வீட்டில் உட்காரும். ஜெயித்தவன் வைத்த சீட்டு போனது போனதுதான். சண்டையில் ஜெயித்துவிட்டு மதிப்பெண்ணில் தோற்றவர்கள் எங்கள் வீட்டில் நிறையப் பேர்.

வில்லைகளை அம்பாசமுத்திரத்தில் கடைசல் போட்டு வாங்கினேன். சொப்பு சாமான் செய்கிற பட்டறை. மரக்கட்டை சுழலும்போதே பட்டறைக்காரர் அரக்குக் குச்சியை அழுத்துகிறார். சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறுகிறது. தாழை மட்டையால் ஒரு தேய்ப்பு, கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. சிவப்பு பன்னிரண்டு, பச்சை பன்னிரண்டு, மஞ்சள் எட்டு. கடைசியாக மூன்று வில்லை ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் பச்சை வேண்டும் என்றேன். மாபூஸ்கான், யூசுப்கான், திருவிதாங்கூர். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டார்: "இதுல எது மேல்பக்கம் அண்ணாச்சி?"

அந்தக் கேள்வியை இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஹெரானிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இனி கோட்டை. 1801-க்கு வருகிறேன், ஏனென்றால் விதியைச் சோதிக்க அதைவிட நல்ல சண்டை கிடையாது. எழுதி வைத்தவர்களும் இருக்கிறார்கள். சண்டையில் நேரே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரியின் நினைவுக் குறிப்புகள் 1830-ல் வந்தன. கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு 1881-ல். இந்தப் பக்கம், நம் பாளையங்கோட்டையிலேயே வாழ்ந்த நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் இருக்கிறது. அதையும் ஓரளவு நம்புகிறேன். பாஞ்சாலங்குறிச்சி, முயல் நாயை எதிர்த்து விரட்டிய மண் என்பதை நம்பவில்லை. ஆனால் அதை நம்பியவர்கள் சுவருக்குப் பின்னால் நின்றார்கள் என்பதை நம்புகிறேன். விளையாட்டில் அதற்கு ஒரு புள்ளி கொடுத்திருக்கிறோம்.

கோட்டை நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, மண்சுவர் 12 அடி உயரம். சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள். அகழி இல்லை, சுற்றிலும் முள்வேலி. இதை மேசைக்குக் கொண்டுவருவதில் ஒரு வம்பு. பொம்மை 28 மில்லிமீட்டர் உயரம். பொம்மையின் அளவுக்கே கோட்டையையும் கட்டினால் இரண்டேமுக்கால் மீட்டர் நீளம் வருகிறது. எங்கள் ஹாலில் டிவியை எடுத்தாலும் கொள்ளாது. எடுக்கவும் வீட்டில் சம்மதமில்லை. அதனால் தரைக்கு வேறு அளவு: 2 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர். கோட்டை 76-க்கு 46 சென்டிமீட்டராக அடங்கிவிட்டது. அளந்து முடித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் காலத் துப்பாக்கி பலன் தரும்படி சுடக்கூடிய தூரம் ஏறத்தாழ 100 கஜம். 100 கஜம் என்றால் 300 அடி. கோட்டையின் அகலமே அதுதான்! ஒரு சுவரை வெளியிலிருந்து தாக்குகிறவனை அந்தச் சுவர்க்காரன் மட்டும் சுடவில்லை. இரண்டு மூலைக் கொத்தளக்காரர்களும் சுட்டிருக்க முடியும். புத்தகத்தில் பத்துமுறை படித்தும் தெரியாதது அளவுகோலை வைத்ததும் தெரிந்தது.

அடுத்து ஈட்டி. கொத்தளங்கள் உள்ளே குடைவாக இருந்தன, ஆட்கள் கீழே மறைந்து நின்று பதினெட்டு இருபது அடி நீள ஈட்டியால் மேலே ஏறுகிறவனைக் குத்தினார்கள் என்று வெல்ஷ் சொல்கிறார். கடையில் வாங்கின பொம்மைகளின் கையில் இருந்தது ஆள் உயர ஈட்டி. பதினெட்டு அடியைப் பொம்மையின் அளவுக்குக் கணக்கிட்டால் 9 சென்டிமீட்டருக்கும் மேல். பொம்மையைவிட மூன்று மடங்கு! விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி, நுனியைச் சீவி, வெள்ளி வர்ணம் தொட்டு ஒட்டினேன். முதல் வரிசையை நிறுத்தியதும் பொம்மைகள் எல்லாம் குப்புற விழுந்தன. அடியில் ஐம்பது பைசா நாணயம் ஒட்டிய பிறகுதான் நின்றன. கடைக்காரர் வாங்காத காசுக்கு இப்படி ஒரு உபயோகம். நிமிர்ந்து பார்த்தால் சுவருக்குமேல் ஈர்க்குக் காடு. அதைப் பார்த்த பிறகு, கம்பெனிச் சிப்பாய் ஏன் சுவரேறித் திரும்பி விழுந்தான் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முள்வேலிக்குத் தேங்காய் நாரைக் காப்பித்தூள் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டோம். இரண்டு வாரம் ஹால் முழுக்கக் காப்பி வாசனை.

பகடை விஷயத்துக்கு வருகிறேன். இது என் சொந்தப் பாடம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பகடையில் ஒன்று விழவும் ஆறு விழவும் மூன்று விழவும் ஒரே வாய்ப்பு. ஆறு சோழியைக் குலுக்கிப் போடுங்கள். எத்தனை சோழி வாய் மேலாக விழுகிறது என்று எண்ணினால், மொத்தம் 64 வகையில் 50 வகை இரண்டு, மூன்று, நான்கு என்ற நடு எண்களில்தான் வரும். எல்லாமே கவிழ்வதும் எல்லாமே மல்லாருவதும் 64-க்கு 2. பகடை உணர்ச்சிவசப்படுகிற ஆள், சோழி நிதானமான ஆள். (சோழி சரிபாதியாக விழாது என்று யாரோ முணுமுணுக்கிறீர்கள். உண்மை. ஒவ்வொன்றையும் நூறுமுறை போட்டுப் பார்த்து, ஏறக்குறைய பாதிக்குப் பாதி விழுகிற ஆறைப் பொறுக்கினேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை என்ன?)

டிரில் பழகிய சிப்பாய் வரிசைக்குச் சோழி, பாளையத்து ஆட்களுக்குப் பகடை என்று முதலில் வைத்தேன். கல்லூரியில் படிக்கிற பிள்ளை ஒருத்தி கோபித்துக்கொண்டாள்: "நம்ம ஆட்கள்னா மட்டும் குருட்டாம்போக்கா சார்?" உட்கார்ந்து யோசித்தேன். மார்ச் 31-ல் நிதானமாக நின்றவர்கள் யார்? சுவருக்கு உள்ளே இருந்தவர்கள். நிலைகுலைந்து திரும்பியவர்கள் யார்? டிரில் பழகியவர்கள். அப்புறம் விதியை மாற்றினோம். ஆளுக்குச் சோழி கிடையாது, இடத்துக்குத்தான். தன் சுவர், தன் ஊர், தன் கண்மாய்க்கரை என்று நின்றால் சோழி. திறந்த வெளியில், அடுத்தவன் மண்ணில் நின்றால் பகடை. நான் இரண்டாவது புத்தகத்தில் கண்ட குறைக்குப் பதில் அவள் கேள்வியிலிருந்து வந்தது.

கட்டபொம்மனின் தம்பி, 1801-ல் கோட்டையைக் காத்த ஊமைத்துரைக்கு என்ன விதி? வாய் பேசாதவர், காது கேளாதவர் என்று எழுதுகிறார் வெல்ஷ். எல்லா ரூல்புக்கிலும் தலைவனின் குரல் எட்டும் தூரம் என்று ஓர் அளவு இருக்கும். இவருக்குக் குரலே இல்லை. ஆனால் இவர் கட்டளையிட்ட விதத்தை வெல்ஷ் சொல்லியிருக்கிறார்: சில வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் பரப்புவாராம், அதுதான் எதிரிப் படை. வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்பிக்கொண்டே மறு கையால் அதைத் துடைத்தெறிவாராம். தாக்கு என்று அர்த்தம்.

யோசித்துப் பாருங்கள். வைக்கோல் துண்டு சிப்பாய், உள்ளங்கை மைதானம். ரைஸ்விட்ஸ் புத்தகம் எழுதுவதற்கு 23 வருஷம் முன்னால் ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மேசைப்போர் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் விதியில் ஊமைத்துரையின் கட்டளைக்குத் தூரம் கிடையாது, பார்வைதான். அவர் கை தெரிகிற இடம்வரை எல்லோரும் கேட்பார்கள். இருட்டிலும் புகையிலும் ஒருவரும் இல்லை. அவர் பொம்மை மட்டும் காருக்குறிச்சி மண்ணில் செய்தது, உள்ளங்கையை விரித்துப் பிடித்தபடி.

கடைசியாக ஒரு சங்கடம். அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் விளையாட்டில் எட்டயபுரம் மஞ்சள் வில்லையாகப் பையில் கிடக்கவில்லை. மூன்றாவது ஆட்டக்காரர் அவர். 1799-லும் 1801-லும் கம்பெனியோடு நின்று, முடிவில் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு பெற்ற பாளையம், வேறொருவர் கைக்காயாக இருக்க முடியாது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார ஆள் கிடைப்பதில்லை. நம் பேச்சில் அந்தப் பெயரே வசவாகிவிட்டது. 1959-ல் சிவாஜியின் கட்டபொம்மன் படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். என் தங்கை பேரன், பன்னிரண்டு வயசு, சீட்டுக் குலுக்கியதில் எட்டயபுரம் வந்ததும் "நான் ஆடல தாத்தா, ஸ்கூல்ல சொல்லிக் காட்டுவானுவ" என்று பெட்டிக்குள்ளேயே பொம்மையைத் திரும்ப வைத்துவிட்டான்.

விதி எழுதுகிறவனுக்கு வசவு எழுத உரிமையில்லை. 'துரோகி: இரண்டு புள்ளி கழிக்க' என்று எழுதிவிட்டால் அது விளையாட்டும் ஆகாது, வரலாறும் ஆகாது. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லை ஊர்களுக்காகப் பழைய வழக்கு இருந்தது; அருங்குளம், சுப்பலாபுரம் என்று பெயரோடு சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரனோடு வாய்க்கால் தகராறு உள்ளவனிடம் போய், தூரத்துச் சென்னையில் இருக்கிறவன் உனக்கும் எதிரி என்று சொன்னால் எடுபடுமா? அந்த ஊர்கள் கிடைத்தாலும் எட்டயபுரம் ஜெயிக்கலாம். கோட்டைமேல் குண்டு விழாமல் இருபது சுற்றுத் தாண்டினாலும் ஜெயிக்கலாம் என்று வைத்திருக்கிறோம். விரும்பினால் பாஞ்சாலங்குறிச்சியோடும் சேரலாம். இதுவரை ஆடியதில் இரண்டே முறை சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு முறையும் கம்பெனி ஆட்டக்காரர் கஞ்சத்தனமாக ஊர்ச்சீட்டு வைத்ததால்தான்.

எங்கள் பையில் இன்னொரு தனி வில்லை உண்டு, வெள்ளை. அதற்கு 'அம்மை' என்று பெயர். 1801 பிப்ரவரி 2-ம் தேதி. இந்த மண்டபத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், கம்பெனியின் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் இருபது துரைமாரும் துரைசானிமாரும் ராத்திரி விருந்தில் இருந்தார்கள். இங்கே பாளையங்கோட்டைச் சிறையில் அம்மை கண்டிருந்ததால் கைதிகளின் விலங்கைக் கழற்றியிருந்தார்கள். ஊமைத்துரையும் கூட இருந்தவர்களும் காவலை அடித்துத் தள்ளி வெளியேறி, விடிவதற்குள் முப்பது மைல் ஓடிப் பாஞ்சாலங்குறிச்சி சேர்ந்துவிட்டார்கள். மே 24-ல் கோட்டை விழுந்த பிறகு, பிணங்களுக்கு நடுவே காயத்தோடு கிடந்த அதே ஊமைத்துரையை, மகனைத் தேடி வந்த ஒரு தாய் கண்டு ஊருக்குத் தூக்கிப் போகிறாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள். பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மையில் செத்த பையன் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். நவம்பர் 16-ல் அவர் தூக்கிலேறியது வேறு கதை. அதற்கு முன் சிவகங்கைச் சீமையில் இன்னொரு போரே நடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, கடைசிச் சுற்றில் வெள்ளை வில்லை வந்தது. துணி மூடிய குடிசைக்கு முன்னால் எட்டயபுரம். ஆடியது அந்தக் கல்லூரிப் பிள்ளைதான். விதிப்படி அவள் பகடை உருட்டி உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒன்று விழுந்தால் அவள் படைக்கே அம்மை. அதற்கு மேல் விழுந்தால் ஊமைத்துரை கையில், ஆட்டமும் கையில். பகடையை எடுத்தாள், கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், உருட்டாமல் கீழே வைத்துவிட்டாள். ஏனென்று கேட்டோம். "அம்மை வீட்டுக்குள்ள எங்க ஊர்ல யாரும் போகமாட்டாங்க சார்" என்றாள்.

அவளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. வருகிற ஞாயிறு பத்து மணிக்கு மறுபடி ஆடுகிறோம், டிபன் உண்டு. எட்டயபுரத்துக்கு ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.